யூத வெறுப்புக்கு எதிரான அரசுக் கொள்கையை ஆராய்ந்து மதிப்பிடுவது எப்படி? ஜெர்மனியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

யூத வெறுப்பை எதிர்கொள்வதற்கென்று தனியாக ஒரு தேசியக் கொள்கை வேண்டும் என்ற எண்ணம் பல நாடுகளில் அண்மைக்காலத்தில்தான் அரசு ஆவணமாக உருப்பெற்றது. உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றும் இதற்கு வியூகம் வகுக்க வேண்டும் என்று 2018 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாட்டு அமைச்சர்கள் கூட்டாக அறிவித்தார்கள். 2021 அக்டோபர் 5 அன்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2030 வரையிலான தன் சொந்த வியூகத்தை வெளியிட்டது. ஜெர்மனியின் தேசிய வியூகம் 2022 நவம்பர் 30 அன்றும், அமெரிக்காவின் முதல் தேசிய வியூகம் 2023 மே 25 அன்றும் வந்தன. இவற்றைத் தேடிப் பிடிப்பது எளிது. இவற்றால் என்ன நடந்தது என்று சொல்வதுதான் கடினம். ஆவணத்தின் நடையையும் நோக்கத்தையும் பாராட்டுவதிலோ குறைகூறுவதிலோ பயன் அதிகம் இல்லை. அதிலுள்ள ஒரு வாக்குறுதியை எடுத்துக்கொண்டு, அது எந்த அதிகாரியின் பொறுப்பில் விடப்பட்டது, எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, யாருடைய அன்றாட வாழ்க்கையில் என்ன மாறியது என்று கடைசிவரை தொடர்ந்து போவதே மதிப்பீடு என்பது இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

எடுத்துக்காட்டாக ஜெர்மனியை எடுத்துக்கொள்வதற்குக் காரணங்கள் உண்டு. அங்கே அரசின் கணக்கும் அரசு சாரா அமைப்பின் கணக்கும் அருகருகே கிடைக்கின்றன. மாநிலங்களுக்கும் கூட்டாட்சி அரசுக்கும் இடையிலான அதிகாரப் பிரிவினை கொள்கையை எப்படி நெளிய வைக்கிறது என்பதைப் பார்க்க முடிகிறது. கொள்கை எல்லை மீறியதா என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்று தீர்ப்பும் வந்திருக்கிறது.

முதல் படி: கேள்வியைக் குறுக்குங்கள்

“ஜெர்மனி யூத வெறுப்பைக் கட்டுப்படுத்தியதா?” என்ற கேள்விக்கு எந்த ஆய்வாலும் விடை சொல்ல முடியாது. மக்களின் மனப்பான்மை, தெருவில் நடக்கும் தாக்குதல், இணையத்தில் வரும் மிரட்டல், பள்ளி வளாகத்து ஏளனம் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் மாறுகிறது; ஒன்று குறையும்போது இன்னொன்று கூடலாம். ஆகவே காலம், இடம், துறை மூன்றையும் வரையறுத்துக் கேளுங்கள். “2019க்குப் பின் ஒரு குறிப்பிட்ட மாநிலத்தில் யூத வழிபாட்டுத்தலங்களின் பாதுகாப்புச் செலவில் அரசின் பங்கு எவ்வளவு மாறியது?” என்பது விடை காணக்கூடிய கேள்வி. “தண்டனைச் சட்டத் திருத்தத்துக்குப் பின் தீர்ப்புகளில் யூத வெறுப்பு நோக்கம் குறிப்பிடப்படுகிறதா?” என்பதும் அப்படியே. இத்தகைய கேள்விகள் இரண்டோ மூன்றோ போதும்.

இரண்டாம் படி: ஆவணங்களோடு அதிகாரத்தையும் வரைபடமாக்குங்கள்

முதலில் அந்த நாடு வெளியுலகுக்குக் கொடுத்த உறுதிமொழிகளைத் திரட்டுங்கள். பின்னர் அளவுகோலாக இவை பயன்படும். ஐரோப்பிய நாடுகளைப் பொறுத்தவரை, இனவெறியைக் குற்றவியல் சட்டத்தின் வழி எதிர்கொள்வது பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக முடிவு, ஐரோப்பியப் பாதுகாப்பு மற்றும் ஒத்துழைப்பு அமைப்பின் 2004ஆம் ஆண்டு பெர்லின் பிரகடனம், ஐரோப்பிய மன்றம் என்ற வேறொரு அமைப்பின் கீழ் இயங்கும் இனவெறிக்கு எதிரான ஐரோப்பிய ஆணையம் 2004இல் வெளியிட்டு 2021இல் திருத்திய ஒன்பதாவது பொதுப் பரிந்துரை ஆகியவை முக்கியமானவை.

அடுத்து, உள்நாட்டில் யார் யாருக்கு உத்தரவிட முடியும் என்று பாருங்கள். ஜெர்மனியின் கூட்டாட்சி அரசு 2018இல் யூத வாழ்வுக்கும் யூத வெறுப்பு எதிர்ப்புக்குமான ஆணையர் பதவியை உருவாக்கி, ஃபெலிக்ஸ் கிளைனை அதில் அமர்த்தியது. அந்தப் பதவி உள்துறை அமைச்சகத்தில் அமைந்தது. ஆனால் பள்ளிக்கல்வியும் பெரும்பகுதிக் காவல் பணியும் 16 மாநிலங்களின் கையில் இருக்கின்றன. பெர்லினில் இருக்கும் ஆணையர் ஒரு பவேரியப் பள்ளியின் பாடத்திட்டத்தில் ஒரு வரியைக்கூட மாற்ற உத்தரவிட முடியாது. பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்கென ஆணையர்களை வைத்துக்கொண்டதும், 2019இல் கூட்டாட்சிக்கும் மாநிலங்களுக்கும் பொதுவான குழு ஒன்று அமைந்ததும் இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

இதைத் தெரிந்துகொண்டபின் தேசிய வியூகத்தைத் திறந்து, அதன் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் படியுங்கள். ‘ஒதுக்கும்’, ‘சட்டமாக்கும்’, ‘ஆண்டுதோறும் வெளியிடும்’ என்பவை ஒரு வகை. ‘ஊக்குவிக்கும்’, ‘வரவேற்கும்’, ‘கருத்தில் கொள்ளும்’ என்பவை இன்னொரு வகை. இரண்டாம் வகை எங்கே குவிகிறதோ அங்கே அரசுக்கு அதிகாரம் இல்லை அல்லது மனம் இல்லை; எது என்பதை அதிகார வரைபடம் சொல்லிவிடும். ஜெர்மனியின் 2022ஆம் ஆண்டு வியூகம் தரவும் ஆய்வும், தடுப்புக் கல்வி, நினைவுப் பண்பாடு, பாதுகாப்பும் குற்றவியல் நடவடிக்கையும், யூதர்களின் நிகழ்காலமும் வரலாறும் என ஐந்து களங்களைப் பிரித்துக்கொள்கிறது. இந்த ஐந்திலும் வினைச்சொற்களின் வலிமை ஒரே அளவில் இருக்கிறதா என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

அமைப்பு முறையால் விளைவு எப்படி மாறுகிறது என்பதற்கு இரண்டு ஒப்பீடுகள். பிரான்சில் இதற்கான அமைப்பு பிரதமரின் கீழ் இயங்கித் தேசியச் செயல்திட்டங்களைத் தயாரிக்கிறது; அதை வெளியிலிருந்து மதிப்பிட்டு ஆண்டறிக்கை தருவது தேசிய மனித உரிமை ஆலோசனை ஆணையம் என்ற வேறொரு சுதந்திர அமைப்பு. திட்டம் போடுபவரும் மதிப்பெண் போடுபவரும் ஒருவரே அல்ல என்பது பெரிய நன்மை. அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு வியூகம் பைடன் நிர்வாகத்தின் ஆவணமாக வந்தது. 2025 ஜனவரி 29 அன்று அடுத்த அதிபர் பிறப்பித்த நிர்வாக ஆணை பல்கலைக்கழக வளாகங்களின் மீது கவனத்தைத் திருப்பியது. சட்டத்தில் வேரூன்றாத கொள்கையின் ஆயுள் தேர்தல் நாட்காட்டியைப் பொறுத்தது என்பதை மதிப்பீட்டில் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

மூன்றாம் படி: வரையறை எங்கே வேலை செய்கிறது என்று பாருங்கள்

சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி 2016 மே 26 அன்று புக்கரெஸ்டில் யூத வெறுப்புக்கு ஏற்றுக்கொண்ட வரையறையைத்தான் பெரும்பாலான அரசுகள் எடுத்தாள்கின்றன. ஜெர்மன் அமைச்சரவை 2017 செப்டம்பரில் அதை ஏற்றது. சட்டப்படி கட்டுப்படுத்தாதது என்று அந்த ஆவணமே சொல்கிறது. அதனுடன் இணைந்த 11 எடுத்துக்காட்டுகளில் பல இஸ்ரேல் தொடர்பானவை என்பதால் சர்ச்சையும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு மாற்றாக 2021 மார்ச்சில் ஆய்வாளர்கள் பலர் கையெழுத்திட்ட ஜெருசலேம் பிரகடனம் வந்தது. 2016 வரையறைக்கு அடிப்படையான முந்தைய வரைவின் முதன்மை ஆசிரியரான கென்னத் ஸ்டெர்ன், தரவு சேகரிப்புக்காக எழுதப்பட்ட ஒன்றை வளாகப் பேச்சைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்துவதை வெளிப்படையாகவே எதிர்த்துவந்தார்.

எந்த வரையறை சரி என்று தீர்ப்புச் சொல்வது மதிப்பீட்டாளரின் வேலை அல்ல. ஒரே வரையறை காவலர் பயிற்சியில் ஒரு விளைவையும், புள்ளிவிவரத்தில் இன்னொரு விளைவையும், மானியம் வழங்கும் நிபந்தனையில் முற்றிலும் வேறொரு விளைவையும் தரும். அந்த வேறுபாட்டைக் காட்டுவதே வேலை. பெர்லின் மாநிலக் கலாசாரத் துறை 2024 ஜனவரியில் மானியம் பெறும் கலைஞர்களுக்கு இந்த வரையறையைச் சார்ந்த நிபந்தனை ஒன்றை விதித்து, கலைஞர்களின் எதிர்ப்புக்கும் சட்ட ஐயங்களுக்கும் பிறகு அதே மாதத்தில் திரும்பப் பெற்றது. அதற்கு முன்பே, 2022 ஜனவரியில், இஸ்ரேல் புறக்கணிப்பு இயக்கம் பற்றிய கலந்துரையாடலுக்கு நகர மண்டபத்தைத் தர மறுத்த மியூனிக் மாநகராட்சியின் முடிவு கருத்துரிமைக்கு முரணானது என்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. யூதர்களைக் காக்கும் கொள்கையை மதிப்பிடும் அறிக்கையில் அந்தக் கொள்கையால் பிறருடைய உரிமைக்கு நேர்ந்த இழப்பும் ஒரு பகுதியாக இடம்பெற வேண்டும். அதை விட்டுவிட்டால் ஒரு தரப்பு வாசகர்கள் அறிக்கையையே நம்ப மாட்டார்கள். அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

நான்காம் படி: எண்களின் பிறப்பிடத்தை விசாரியுங்கள்

பெரும்பாலான மதிப்பீடுகள் தடுமாறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ஜெர்மனியின் காவல்துறை யூத வெறுப்புக் குற்றங்களை “அரசியல் நோக்கமுள்ள குற்றங்கள்” என்ற பதிவில் சேர்க்கிறது. 2022இல் 2,641 என்றிருந்த எண்ணிக்கை 2023இல் 5,164 ஆனது. இந்த இரண்டு எண்களை மட்டும் அருகருகே வைத்து “கொள்கை தோற்றது” என்று எழுதுபவர் பல விஷயங்களைத் தவறவிடுகிறார். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்கும் அதைத் தொடர்ந்த காஸா போருக்கும் பிறகுதான் அந்த ஆண்டின் உயர்வு குவிந்தது; ஆண்டு மொத்தம் இதை மறைத்துவிடும் என்பதால் மாதவாரியான தொடரை எடுக்க வேண்டும். மேலும் இது விசாரணையின் தொடக்கத்தில் பதியப்படும் கணக்கு. வழக்கு பின்னர் என்ன ஆனது என்பது இதில் இராது.

ஜெர்மன் நாடாளுமன்றத்தில் இடதுசாரிக் கட்சி பல ஆண்டுகளாகக் காலாண்டுதோறும் எழுத்து வடிவில் கேள்வி கேட்டு இந்த எண்களைப் பெற்றுவந்தது. அந்தப் பதில்கள் நல்ல ஆதாரம்தான். ஆனால் அவை முதற்கட்ட எண்கள். பிந்திப் பதிவாகும் வழக்குகள் சேரும்போது இறுதி எண்ணிக்கை கூடும். ஓர் ஆண்டின் முதற்கட்ட எண்ணை முந்தைய ஆண்டின் இறுதி எண்ணோடு ஒப்பிட்டால் நடக்காத ஒரு குறைவு காகிதத்தில் தோன்றும்.

குற்றவாளியின் அரசியல் சார்பைக் காட்டும் எண்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மாறான சான்று கிடைக்காதவரை யூத வெறுப்புக் குற்றத்தை வலதுசாரிப் பிரிவில் சேர்க்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது; நாடாளுமன்றம் கோரிய சுதந்திர நிபுணர் குழு 2017இல் தந்த அறிக்கையும் இந்த வகைப்பாட்டின் குறையைச் சுட்டிக்காட்டியது. ஆகவே “இத்தனை சதவீதம் வலதுசாரிகள்” என்ற கூற்றில் உண்மையும் இருக்கிறது, பதிவு விதியின் நிழலும் இருக்கிறது. இரண்டில் எதையும் மறைக்காமல் எழுதுவது நேர்மை.

காவல்துறைக் கணக்குக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டியது ரியாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பதிவு அமைப்பின் கணக்கு. 2015இல் பெர்லினில் தொடங்கி 2018இல் கூட்டாட்சி அளவிலான சங்கமாக ஆன இது, குற்றமாகாத நிகழ்வுகளையும் பதிவு செய்கிறது. ரயிலில் கழுத்தில் யூத அடையாளமான தாவீது நட்சத்திரம் அணிந்திருந்த ஒருவரைப் பார்த்துச் சொல்லப்பட்ட வசைச்சொல் சட்டப்படி குற்றமாகாமல் போகலாம். ஆனால் அடுத்த நாள் அவர் அந்தச் சங்கிலியைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்வார். இந்த வகை அனுபவம் காவல்துறைப் பதிவில் வராது. இரண்டு கணக்குகளையும் கூட்டக் கூடாது. ஒன்றை வைத்து மற்றொன்றைப் பொய்யென்றும் சொல்லக் கூடாது. ஒரு மாநிலத்தில் புதிதாக ரியாஸ் அலுவலகம் திறந்த ஆண்டில் எண்ணிக்கை கூடினால், அது கொள்கையின் வெற்றியாகவே இருக்கலாம். புகார் செய்யும் வழியை அரசு பணம் கொடுத்துத் திறந்துவிட்டு, வரும் புகார்களை வைத்து அரசைத் தோல்வியுற்றதாகச் சொல்வது முறையல்ல. இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு: உடல்ரீதியான வன்முறை, தீவைப்பு போன்ற கடும் குற்றங்களைத் தனித் தொடராக எடுங்கள், அவை புகார் செய்யும் பழக்கத்தின் மாற்றத்தால் ஒப்பீட்டளவில் குறைவாகவே பாதிக்கப்படும்.

பதிவு முறை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா நல்ல பாடம். 2021இல் எஃப்.பி.ஐ. புதிய பதிவு முறைக்கு மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகரங்களின் காவல்துறைகள் அந்த முறையில் தரவு அனுப்பவில்லை. யூதர்கள் பெருமளவில் வாழும் நகரங்கள் இல்லாத அந்த முதல் வெளியீட்டை நம்பி வெறுப்புக் குற்றம் குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தால் அது முழுப் பிழை. பின்னர் துணை அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. 2023 அக்டோபருக்குப் பின் அவதூறு எதிர்ப்புக் கழகம் என்ற அமெரிக்க யூத அமைப்பு தன் ஆண்டுக் கணக்கில் சேர்க்கும் நிகழ்வுகளின் வரம்பை விரித்ததும் இங்கே நினைவில் கொள்ள வேண்டியது.

மூன்றாவது வகை எண், பாதிக்கப்பட்டவர்களிடமே கேட்டுப் பெறுவது. வியன்னாவிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய அடிப்படை உரிமைகள் முகமை 2012, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் யூதர்களிடம் ஆய்வு நடத்தியது. 2018இல் 12 நாடுகளில் சுமார் 16,500 பேர் பங்கேற்றனர். தொல்லைக்கு உள்ளானவர்களில் 79 சதவீதத்தினர் தமக்கு நேர்ந்த மிகக் கடுமையான நிகழ்வைக்கூட எங்கும் புகாராகத் தரவில்லை. இந்த ஓர் எண் காவல்துறைக் கணக்குகள் அனைத்தையும் எப்படிப் படிக்க வேண்டும் என்று கற்றுத் தருகிறது. 13 நாடுகளில் சுமார் 8,000 பேரிடம் எடுத்த அடுத்த ஆய்வு 2024 ஜூலையில் வெளிவந்தாலும், கேள்விகள் கேட்கப்பட்டது 2023இன் முதல் பாதியில், அதாவது அக்டோபர் 7க்கு முன். இவை விரும்பியவர் இணையத்தில் பங்கேற்கும் ஆய்வுகள். சமவாய்ப்புத் தேர்வு முறையில் எடுத்தவை அல்ல. சமூக வாழ்வில் ஈடுபாடுள்ள யூதர்களின் குரல் அதில் ஓங்கி ஒலிக்கும் என்பதை ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டுப் பயன்படுத்தலாம்.

ஐந்தாம் படி: ஒரு வாக்குறுதியைக் கடைசிவரை தொடருங்கள்

தொடர்வதற்கு மிகவும் ஏற்ற துறை பாதுகாப்பு. ஏனெனில் அங்கே பணமும் பொருளும் கண்ணுக்குத் தெரியும். 2019 அக்டோபர் 9, யோம் கிப்பூர் எனும் யூதர்களின் மிகப் புனிதமான நாளில், ஹாலே நகரின் வழிபாட்டுத்தலத்துக்குள் சுமார் 50 பேர் இருந்தபோது ஆயுதமேந்திய வலதுசாரித் தீவிரவாதி ஒருவன் அதன் கதவைச் சுட்டு உடைக்க முயன்றான். உள்ளே இருந்தவர்கள் கண்காணிப்புக் கேமராவின் திரையில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு தாங்கியது. வாசலில் காவலர் எவரும் நிறுத்தப்படவில்லை. உள்ளே நுழைய முடியாத அவன் தெருவில் சென்ற ஒரு பெண்ணையும் அருகிலிருந்த கபாப் கடையில் ஓர் இளைஞரையும் கொன்றான். அந்தக் கட்டடத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு முன்னர் உதவியிருந்தது யூத முகமை என்ற வெளிநாட்டு அமைப்பு.

அடுத்த ஆண்டு கூட்டாட்சி அரசு யூத நிறுவனங்களின் பாதுகாப்புக்காக 2.2 கோடி யூரோவை, யூத வழிபாட்டுச் சபைகளின் தலைமை அமைப்பான ஜெர்மனி யூதர்களின் மத்தியக் கழகத்துக்கு ஒதுக்கியது. மாநிலங்களும் தங்கள் பங்குக்கு ஒப்பந்தங்கள் செய்தன. மதிப்பீட்டாளரின் கேள்விகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. பணம் ஒரு முறை செய்யும் கட்டுமானத்துக்கு மட்டுமா, காவலாளிகளின் மாதச் சம்பளத்துக்கும் உண்டா? முப்பது பேர் மட்டுமே வரும் சிறிய சபை, விண்ணப்பம் நிரப்ப ஆள் இல்லாத நிலையில் என்ன செய்கிறது? தன் பங்காக அது எவ்வளவு சதவீதம் போட வேண்டும்? ஒதுக்கிய தொகைக்கும் செலவான தொகைக்கும் இடைவெளி எவ்வளவு? ஒதுக்கீட்டு அறிவிப்பு நாளிதழில் வரும்; செலவு விவரம் இரண்டு ஆண்டுகள் கழித்து வரவு செலவுக் கணக்கின் ஒரு மூலையில் வரும். இரண்டாவதைத் தேடிப் போகிறவர் மிகக் குறைவு.

ஒப்பிட பிரிட்டனைப் பாருங்கள்: அங்கே உள்துறை 2015 முதல் ஒரே மானியத் திட்டத்தை, யூதர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் சமூகப் பாதுகாப்பு அறக்கட்டளை வழியாக நடத்துகிறது. 2024 பிப்ரவரியில் நான்கு ஆண்டுகளுக்கு 5.4 கோடி பவுண்டு அறிவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் கையேந்த வேண்டிய நிலையைவிடப் பல ஆண்டு உறுதி நல்லது என்பது என் கருத்து.

ஆறாம் படி: தீர்ப்புகளைப் படியுங்கள்

2014 ஜூலையில் வுப்பர்டால் நகரின் வழிபாட்டுத்தலத்தின் மீது பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. 2015இல் உள்ளூர் நீதிமன்றம் குற்றவாளிகளுக்குத் தண்டனை விதித்தாலும், யூத வெறுப்பு நோக்கம் நிரூபிக்கப்படவில்லை, காஸா போரின் மீது கவனத்தை ஈர்க்கவே செய்தார்கள் என்ற வாதத்தை ஏற்றது. ஜெர்மனியில் வாழும் யூதர்கள் தொழும் இடத்துக்குத் தீவைப்பது இன்னொரு நாட்டின் போருக்கான எதிர்வினையாக எப்படி ஆகும் என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 2021இல் தண்டனைச் சட்டத்தின் 46ஆம் பிரிவில், தண்டனையை நிர்ணயிக்கும்போது கவனிக்க வேண்டிய நோக்கங்களில் யூத வெறுப்பு வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது.

சட்டத்தில் ஒரு சொல் சேர்ந்தது சாதனைப் பட்டியலில் இடம்பெறும். அது தீர்ப்புகளில் இடம்பெறுகிறதா என்பதே உங்கள் கேள்வி. வெளியான தீர்ப்புகளில் இருபதோ முப்பதோ எடுத்துப் படித்து, நோக்கம் பற்றி நீதிமன்றம் பேசியதா, அரசு வழக்கறிஞர் அதை எழுப்பினாரா, காவல்துறையின் முதல் பதிவில் அந்தக் குறிப்பு இருந்ததா என்று பின்னோக்கிச் செல்லுங்கள். பெர்லினின் தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2018இல் இதற்கெனத் தனிப் பொறுப்பாளரை நியமித்தது. அத்தகைய பொறுப்பாளர் இருக்கும் இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிட்டால் ஆய்வுக்கு வலு சேரும்.

கல்வித் துறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எத்தனை பயிலரங்குகள் நடந்தன என்ற எண் நடந்த வேலையைக் காட்டும், பலனைக் காட்டாது. பார்க்க வேண்டியது பணத்தின் தொடர்ச்சி. “வாழும் ஜனநாயகம்!” என்ற பொருளுடைய கூட்டாட்சித் திட்டம் 2015 முதல் பல தடுப்பு அமைப்புகளுக்கு நிதி தந்தாலும் அது திட்டக் காலத்தோடு முடியும் நிதி. அதை நிலையாக்கும் சட்ட வரைவை அமைச்சரவை 2022 டிசம்பரில் ஏற்றது. நாடாளுமன்றம் நிறைவேற்றாமலேயே அந்தப் பதவிக்காலம் முடிந்தது.

ஏழாம் படி: மனிதர்களிடம் பேசுங்கள், கவனமாகப் பேசுங்கள்

யூதர்களுக்கு ஒரே குரல் இருக்கிறது என்று எண்ணி மத்தியக் கழகத்தின் ஒரு பேட்டியோடு நிறுத்திவிடாதீர்கள். அதன் சபைகளில் சுமார் 90,000 உறுப்பினர்கள் உள்ளனர்; பெரும்பான்மையினர் 1990க்குப் பின் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து வந்த குடும்பத்தினர். ரஷ்ய மொழி பேசும் முதியவர் ஒருவர் காவல் நிலையத்துக்குப் போகாததன் காரணமும், பெர்லின் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி போகாததன் காரணமும் ஒன்றாக இராது. சபைகளில் சேராத யூதர்களும், இஸ்ரேலிலிருந்து குடியேறியவர்களும், அரசுக் கொள்கையையே விமர்சிக்கும் யூத அறிவாளிகளும் உண்டு. “அரசு போதுமான அளவு செய்கிறதா?” என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “கடைசியாக நடந்த நிகழ்வை யாரிடம் சொன்னீர்கள், அதன்பின் யார் உங்களைத் தொடர்புகொண்டார்கள்?” என்று கேட்டால் கொள்கை தரையில் எப்படி நடக்கிறது என்பது தெரியும். நுழைவாயில் அமைப்பு, காவலர் மாறும் நேரம் போன்ற விவரங்கள் உங்களுக்குச் சொல்லப்பட்டாலும் குறிப்பேட்டில்கூட எழுதாதீர்கள்.

ஆவணங்களைப் பெற, தமிழ்நாட்டு வாசகர்கள் நன்கறிந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் போலவே ஜெர்மனியிலும் 2006 முதல் கூட்டாட்சித் தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மனுவில் கருத்துக் கேட்காதீர்கள். ஆண்டு, திட்டத்தின் பெயர், வரவு செலவுக் கணக்கின் தலைப்பு எண் குறிப்பிட்டுப் பதிவைக் கேளுங்கள்.

எட்டாம் படி: தீர்ப்பை எழுதுங்கள்

ஒவ்வொரு வாக்குறுதிக்கும் தனி முடிவு எழுதுங்கள். மொத்தக் கொள்கைக்கு ஒரே மதிப்பெண் போடுவதைத் தவிருங்கள். நிறைவேறியது, ஓரளவு நிறைவேறியது, நிறைவேறவில்லை ஆகிய மூன்றோடு, ‘அரசு தரவு வெளியிடாததால் சொல்ல முடியாது’ என்ற நான்காவதையும் வைத்துக்கொள்ளுங்கள். பல நாடுகளின் மதிப்பீட்டில் மிக அதிகமாகப் பயன்படப்போவது அதுதான்; அதுவே ஒரு கண்டறிதலும்கூட. நாடுகளுக்கு இடையே மொத்த எண்களைத் தரவரிசைப்படுத்தாதீர்கள். பதிவு முறைகள் வேறுபடுவதால் எண்கள் ஒப்பிடத்தக்கவை அல்ல என்று அடிப்படை உரிமைகள் முகமையே தன் ஆண்டுத் தொகுப்பில் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. நேர்மையாகப் பதிவு செய்யும் நாடு அந்தப் பட்டியலில் மோசமான நாடாகத் தெரியும்.

வரைவு முடிந்ததும் தகவல் பிழை மட்டும் பார்க்கும்படி சம்பந்தப்பட்ட துறைக்கும், பேட்டி கொடுத்த சபைக்கும் அனுப்புங்கள். உங்கள் முடிவுகளை மாற்றச் சொல்லி வரும் கடிதத்துக்கு இணங்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் புதிய எண் ஏதேனும் இருந்தால் ஆதாரம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியைப் பொறுத்தவரை, முந்தைய ஆண்டின் காவல்துறை எண்கள் வழக்கமாக மே மாதத்திலும் ரியாஸ் அறிக்கை ஜூன் மாதத்திலும் வருகின்றன. ஆகவே ஆண்டு மதிப்பீட்டை ஜூலைக்குப் பின் முடிப்பதாகத் திட்டமிட்டால் இரண்டையும் ஒருசேர வைத்து எழுதலாம்.